வந்த வழியே முதல் நோய்க்குறிப்பு: பெங்களூரின் வளர்ப்புப் பாம்புகளும் தனிமைக் காலமும்

வளர்ப்புப் பாம்பின் உடல்நலம் பற்றிய கையேடுகள் பெரும்பாலும் கூண்டின் வெப்பத்திலும் இரையின் அளவிலும் தொடங்குகின்றன. பெங்களூரைப் பொறுத்தவரை அது காலம் கடந்த தொடக்கம் என்பதே இக்கட்டுரையின் வாதம். பாம்பு எங்கே பிறந்தது, எவ்வழியே வந்தது, வழியில் எந்த உயிர்களோடு அடைபட்டிருந்தது என்ற விவரமே அதன் முதல் நோய்க்குறிப்பு. அது இல்லாத இடத்தில் மருத்துவர் பாதி இருட்டில்தான் சிகிச்சை செய்கிறார். இங்கே பேசப்படுவது அயல்நாட்டுப் பாம்புகள் மட்டுமே. சாரையோ மண்ணுளியோ, இந்நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்து வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடந்தருவதில்லை.

2023 செப்டம்பரில் பெங்களூரு கெம்பேகவுடா பன்னாட்டு விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து உரிமை கோரப்படாமல் கிடந்த பைகளைச் சுங்கத்துறையினர் திறந்தபோது 55 பந்து மலைப்பாம்புகளும் 17 ராஜநாகங்களும் உயிரோடு இருந்தன. அவற்றோடு அடைக்கப்பட்டிருந்த 6 கபுச்சின் குரங்குகள் இறந்துகிடந்தன. 2024 ஏப்ரலில் அதே வழித்தடத்தில் வந்த ஒரு பயணியின் பெட்டியில் 10 மஞ்சள் அனகோண்டாக்கள் இருந்தன. ஆப்பிரிக்கப் பாம்பும் ஆசியப் பாம்பும் தென்னமெரிக்கக் குரங்கும் நீரின்றி, காற்றோட்டமின்றி ஒரே பொதியில் அடைபடும்போது, இயற்கையில் ஒருபோதும் சந்திக்க வாய்ப்பில்லாத நோய்க்கிருமிகள் சந்திக்கின்றன. பயணத்தில் நோய் எதிர்ப்பாற்றல் தளர்ந்த உடலே அவற்றுக்கு வாய்த்த விளைநிலம். பிடிபட்டவை இவை, பிடிபடாமல் நகருக்குள் வந்தவை யாருடைய வீட்டுக் கூண்டிலோ இருக்கின்றன.

வணிகர் ‘பால் பைத்தான்’ என்று விற்கும் பந்து மலைப்பாம்பு, அஞ்சும்போது தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் அப்பெயர் பெற்ற மேற்கு, நடு ஆப்பிரிக்க இனம். சாதுவானது, நிறவகைகள் ஏராளம் என்பதால் புதிதாக வளர்ப்போர் இதையே நாடுகின்றனர். அந்தச் சாதுத்தன்மையே மருத்துவ நோக்கில் ஏமாற்றுவது. நோயுற்ற பாம்பும் அசையாமல்தான் கிடக்கும், நலமுள்ளதும் அப்படித்தான் கிடக்கும்; புதிய இடத்துக்கு வந்த பாம்பு சில வாரங்கள் இரையைத் தொடாமலிருப்பதும் இயல்பே. எனவே கண்ணால் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதற்குப் பொருளில்லை. ஊர்வன மருத்துவம், புதிய பாம்பை மற்றவற்றிலிருந்து விலக்கி வைக்கும் ஏறத்தாழ 90 நாள் தனிமைக் காலத்தை வலியுறுத்துவதன் காரணம் இதுதான். பாம்பின் உடலியக்கம் மெதுவானது. நோயும் அதற்கேற்ப மெதுவாகவே வெளிப்படும்.

தனிமைக் காலத்தில் முதலில் தேடவேண்டியது பாம்புச் சிற்றுண்ணியை. ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள இந்தக் கரும்புள்ளி, கண்ணைச் சூழ்ந்த விளிம்பிலும் தாடையடி மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும். ஈரமான வெள்ளைத் தாளைப் பாம்பின் உடல்மீது மெல்ல இழுத்தால் மிளகுத்தூள் சிந்தியதுபோல் புள்ளிகள் படியும். நீர்க்கிண்ணத்தின் அடியிலும் மூழ்கிச் செத்தவை தெரியும். பாம்பு நாள் முழுக்க நீரிலேயே கிடந்தால், குளிர்ச்சிக்காகக் கிடக்கிறது என்று மகிழாமல் உண்ணியை ஐயுறவேண்டும். தேங்காய் நார்த்தூளுக்குப் பதிலாக வெறுந்தாளைக் கூண்டில் விரிக்கச் சொல்வதும் இதற்காகவே: தாளில் உண்ணி தெரியும், எச்சம் தெரியும், சளி தெரியும்.

உண்ணி தொல்லையோடு நிற்பதில்லை. ‘உட்பொருள் நோய்’ எனப்படும் கொடிய தொற்றைப் பரப்புவதாகவும் ஐயுறப்படுகிறது. உயிரணுக்களுக்குள் அந்நியப் புரதத் திரள்கள் தென்படுவதால் இப்பெயர் பெற்ற இந்நோய்க்கு ரெப்டரீனா வைரஸ்களே காரணம் என்ற தெளிவு 2012க்குப் பின்னரே பிறந்தது. போவா இனப் பாம்புகள் இதை நெடுங்காலம் அறிகுறியின்றிச் சுமக்கக்கூடும். மலைப்பாம்புகளோ நரம்புத் தளர்ச்சியுற்று, தலையை வானோக்கித் தூக்கியபடி தடுமாறி, விரைவில் மடிகின்றன. இங்கே ஒரு சிக்கல் உண்டு. பந்து மலைப்பாம்பின் ‘ஸ்பைடர்’ என்னும் நிறவகை பிறவியிலேயே தலைநடுக்கம் உடையது. நடுக்கம் மரபணுவால் வந்ததா, வைரஸால் வந்ததா என்பதைப் பிரித்தறிய, பெற்றோர் யார், எங்கு வளர்ந்தது என்ற பதிவும் இரத்தப் பரிசோதனையும் தேவை. கடத்தி வந்த பாம்புக்கு முதலாவது இருப்பதே இல்லை.

மூச்சுத்தொற்றுக்குப் பெங்களூரின் தட்பவெப்பமும் துணைபோகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரில் குளிர்கால இரவு 15 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும். பிப்ரவரி, மார்ச்சில் காற்று வறண்டுவிடும். கூண்டின் ஒரு முனை 31 பாகையும் மறுமுனை 25 பாகையும் காக்கப்படவேண்டிய பாம்புக்கு இரண்டுமே ஊறு. பாம்புக்கு உதரவிதானம் இல்லை, நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்ற அதனால் இயலாது. வாயைத் திறந்து மூச்சுவிடுவதும் மூக்கோரம் குமிழி தோன்றுவதும் தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும். மலைப்பாம்புகளைத் தாக்கும் நிடோவைரஸின் தொடக்கமும் இப்படித்தான் இருக்கும்.

மனிதர் பக்கம் சால்மோனெல்லா பாக்டீரியா முதன்மையானது. நலமாகத் தோன்றும் பாம்பின் எச்சத்திலும் அது இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்றோர், முதியோர் பாம்பைத் தொடாதிருப்பதும், நீர்க்கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதிருப்பதும் கட்டாயம். ஒரு படுக்கையறை வாடகை வீடுகள் நிறைந்த நகரில் தனிமைக் காலத்துக்குத் தனி அறை எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், இடம் இல்லாதவர் இரண்டாவது பாம்பை வாங்காதிருப்பதே விடை.

இவை அனைத்தும் மருத்துவரை நாடும் துணிவைச் சார்ந்தவை; ஆவணமற்ற பாம்பை வைத்திருப்பவருக்கு அத்துணிவு எளிதில் வருவதில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும், அதன்கீழ் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட உயிருள்ள விலங்கினங்கள் பதிவு விதிகளும், பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குட்பட்ட இனங்களை வைத்திருப்போர் அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவுசெய்ய வகைசெய்தன. ஆவணம் கேட்காமலே அறிவிப்பை ஏற்ற 2020ஆம் ஆண்டின் தன்விருப்ப அறிவிப்புத் திட்டத்தைப்போல் இதுவும் கடத்தலைச் சட்டபூர்வமாக்கும் என்ற எதிர்வாதம் வலுவற்றதன்று. எனினும் மறைத்து வைக்கப்படும் பாம்பு மருத்துவமனைக்கு வருவதில்லை. நோய் முற்றியபின் ஏதேனும் ஏரிக்கரையில் விடப்படுகிறது. அயல் பூஞ்சையும் வைரஸும் காட்டுக்குள் நுழைந்தால் அதற்கு விலை கொடுக்கப்போவது மேற்குத் தொடர்ச்சி மலையின் பாம்புகள். அங்குள்ள ராஜநாகம் தனி இனம் என்று 2024இல்தான் வகைப்படுத்தப்பட்டது. கன்னடரின் வழக்குச் சொல்லான காளிங்கமே அதன் அறிவியற்பெயரிலும் இடம்பெற்றது. ஆகவே பதிவைக் கைவிடுவதைவிட, எச்சப் பரிசோதனையும் தனிமைக்காலக் குறிப்பும் இன்றிப் பதிவு நிறைவுறாது என்று விதியைத் திருத்துவதே தக்கது.

அதுவரை வாங்குவோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வளர்ப்பகத்தில் பிறந்ததற்கான சான்று, பதிவு எண், கால்நடை மருத்துவரின் எச்சப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றை விற்பவரிடம் கேளுங்கள், மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்தப் பாம்பை வாங்காதீர்கள்.