பாக்கும் இறுகும் வாயும்: ஈறு, உமிழ்நீர் பற்றிச் சில குறிப்புகள்

நான் மருத்துவன் அல்லன். கணினி நிரல் எழுதிப் பிழைப்பவன். ஆனால் இரவு வேலையில் தூக்கத்தை விரட்ட எட்டு ஆண்டுகள் இனிப்புப் பாக்குப் பொட்டலங்களை மென்றவன். புகையிலைதான் கிடையாதே என்று நம்பியிருந்தேன். நியூ ஜெர்சியில் பல் சுத்தம் செய்யப் போனபோது மருத்துவரின் சிறு கண்ணாடி என் கடைவாய்ப் பற்கள் வரை போகவில்லை. "பாக்கு மெல்வீர்களா?" என்று கேட்டார்.

இந்நோய்க்கு ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். வாயின் உட்சவ்வுக்கு அடியில் நார்த்திசு பெருகி இறுகிவிடுகிறது. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த 5 இந்தியப் பெண்களிடம் கண்டு இதைப் பதிவு செய்தார். காரம் பட்டால் எரிச்சல், உட்கன்னம் வெளிறுதல், பிறகு வாய் திறக்கும் அளவு குறைதல் என்று படிப்படியாக முற்றும்.

பாக்கு ஈறைக் கெட்டிப்படுத்தும் என்று ஊரில் சொல்வார்கள். அந்தத் துவர்ப்பைத் தரும் டானின்தான் பழைய கொலாஜன் நார் சிதையாமல் தடுக்கிறது. பாக்கிலுள்ள அரிகோலின் புதிய நாரை வளர்க்கிறது. செம்புச் சத்து அந்த நார்களைப் பின்னிப் பிணைக்க உதவுகிறது.

இதில் ஈறு இரண்டு வகையில் அடிபடுகிறது. வாய் திறக்காததால் பிரஷ் கடைசிப் பற்களை எட்டுவதில்லை. எரிச்சலுக்குப் பயந்து நாமும் அவசரமாகத் தேய்க்கிறோம். படலம் படிந்து காரையாகிறது. ஈறு வீங்கி இரத்தம் கசிகிறது. வலி இல்லாமலே பல்லைத் தாங்கும் எலும்பு கரையலாம்.

அடுத்தது உமிழ்நீர். மெல்லும்போது அரிகோலின் நரம்பைத் தூண்டுவதால் எச்சில் ஊறும். நாளடைவில் நார்த்திசு சூழ்ந்து, சவ்வுக்கு அடியிலுள்ள சிறு சுரப்பிகள் நலியலாம். எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சிலருக்குத் தொடக்கத்தில் எச்சில் மிகுவதும் உண்டு. சோதனை எளிது. சும்மா உட்கார்ந்து 5 நிமிடம் ஊறும் எச்சிலை அளவுக் குழாயில் துப்ப வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 0.3 மில்லி இயல்பு; 0.1-க்குக் கீழே போனால் குறைபாடு. எனக்கு 5 நிமிடத்தில் அரை மில்லிகூடத் தேறவில்லை. எச்சில் குறைந்தால் கிருமிகளைக் கழுவ ஆளில்லை, பற்சொத்தையும் சேர்ந்துகொள்ளும்.

எனக்குச் சொல்லப்பட்டவை: பாக்கை அறவே விடுவது, குழந்தைகளுக்கான சிறிய தலையுள்ள மென்மையான பிரஷ், பல்லிடுக்குக்குத் தனி பிரஷ், ஃப்ளூரைடு பற்பசை, ஆல்கஹால் கலந்த வாய்க்கழுவியைத் தவிர்ப்பது, அடிக்கடி ஒரு வாய் தண்ணீர், சில மாதங்களுக்கு ஒருமுறை பல் சுத்தம், தினமும் வாய் திறக்கும் பயிற்சி. ஊசி மருந்தும் அறுவை சிகிச்சையும் உண்டு. ஆனால் இறுகியது முழுவதும் இளகுவதில்லை.

தொடர்ந்து சோதித்துக்கொள்ளவும் வேண்டும். எர்ணாகுளம் மாவட்டத்தில் 66 நோயாளிகளை 17 ஆண்டுகள் கவனித்த ஆய்வொன்று 1985-இல் வெளியானது. அவர்களில் 5 பேருக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய்க் காரணியே என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுதி கூறுகிறது.

மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். எனக்கு இரண்டுதான் நுழைகிறது. இங்கே விருந்து முடிந்ததும் தட்டில் வரும் பாக்குப் பொட்டலத்தை, மிட்டாய் என்று நினைத்துக் குழந்தைகளும் எடுக்கிறார்கள். அந்தத் தட்டை அவர்களுக்கு எட்டாமல் வையுங்கள்.