கடலடியில் கிடக்கும் விமானம் யாருடைய சொத்து?

மாலையில் பலெர்மோ கடற்கரையில் உலாவும் எம்மவர் பலருக்கு, சிசிலியைச் சுற்றியுள்ள கடலில் எத்தனை போர் விமானங்கள் விழுந்தன என்பது தெரியாது. 1943 ஜூலை 9ஆம் திகதி இரவு சிராக்கூசா நோக்கி வந்த பிரித்தானியக் கிளைடர்களில் அறுபதுக்கு மேற்பட்டவை கரையை எட்டவில்லை. எதிர்க்காற்றில் அவற்றை முன்கூட்டியே கழற்றி விட்டார்கள். ஏறக்குறைய 250 வீரர்கள் மூழ்கினார்கள். இரண்டு நாள் கழித்து ஜெலா பக்கம் 23 அமெரிக்க விமானங்கள் விழுந்தன, சுட்டவை சொந்தப் பக்கப் பீரங்கிகளே.

ஆழத்தில் கிடக்கும் விமானத்தை இறங்கிப் பார்ப்பது லேசான காரியமல்ல. 40 மீற்றருக்குக் கீழே சாதாரணக் காற்றே போதையேற்றும். 60 மீற்றரில் ஏழு மடங்கு அழுத்தம். அதனால் ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசிக்கிறார்கள். கீழே இருபது நிமிடம் நின்றவர், மேலே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் கயிற்றோரம் படிப்படியாகத் தரித்து நிற்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டுப் போனாலும் முழு விமானம் கிடைப்பது அரிது. அலுமினியத்தை உப்பு அரித்துவிடும், மிச்சத்தை இழுவலை கிழித்துவிடும். பெரும்பாலும் இயந்திரமும் சுழலியும்தான் உருவோடு இருக்கும்.

கணக்காளனான எனக்கு உடனே எழும் கேள்வி, இது யாருடைய சொத்து? கம்பனிக் கணக்கென்றால் தேய்மானம் போட்டு எப்போதோ பூச்சியமாக்கியிருப்போம். அரசுகள் அப்படிச் செய்வதில்லை. எத்தனை ஆண்டு போனாலும் உரிமை போகாது என்கிறது 2004ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம். பிரித்தானியா தன் படை விமானங்களின் எச்சங்களுக்கு 1986இலேயே சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது.

யுனெஸ்கோவின் 2001ஆம் ஆண்டு ஒப்பந்தமோ நூறாண்டு நீரில் கிடந்தவற்றைத்தான் காக்கிறது. இத்தாலி அதில் 2010இல் இணைந்தது. 2004இல் பலெர்மோவில் தொடங்கிய சிசிலியின் கடல்சார் தொல்பொருள் அலுவலகம், எகாடித் தீவுகளருகே 80 மீற்றர் ஆழத்துக்கு இதே வகைச் சுழியோடிகளை இறக்கி, கி.மு. 241இல் மூழ்கிய போர்க்கப்பல்களின் வெண்கல முட்டுமுனைகளை எடுக்கிறது. ஆளும் உண்டு, கருவியும் உண்டு. 1943இன் விமானம் மட்டும் ஒப்பந்தப் பாதுகாப்புக்கு 2043 வரை காத்திருக்க வேண்டும்! வெண்கலம் காத்திருக்கும், அலுமினியம் காத்திருக்குமா? இந்த நூறாண்டுக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் மட்டக்களப்புக் கடலிலும் 50 மீற்றருக்குக் கீழே 'ஹெர்மிஸ்' கிடக்கிறது. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதற் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9இல் யப்பானியர் அதை மூழ்கடித்தபோது அதில் ஒரு விமானமும் இல்லை, எல்லாம் கரையில் நின்றன. இறந்தவர்கள் 307 பேர்.