சிவப்பு இல்லாத வட்டம்



சிதம்பரத்து மாணவர் ஒருவர், மகன் செய்யும் கேட்டலினா மாடல் விமானத்துக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று கேட்டிருந்தார். இரண்டாம் உலகப்போரில் சென்னை செங்குன்றம் ஏரியில் இறங்கி ஏறிய விமானமாம். அப்படியென்றால் சிவப்பு டப்பாவை எடுத்து வைத்துவிடுங்கள், தம்பி.

பிரிட்டிஷ் விமானத்தின் வட்ட அடையாளத்தில் நடுவே சிவப்புப் பொட்டு இருக்கும். ஜப்பானியர் அடையாளமோ முழுச் சிவப்பு வட்டம். அண்ணாந்து பார்க்கும் பீரங்கிக்காரன் பதற்றத்தில் சொந்த விமானத்தையே சுட்டுவிடலாம். அதனால் 1942-க்குப் பின் இந்தியா, பர்மா பக்கம் சிவப்பை எடுத்தார்கள். வெள்ளையும் பளிச்சென்று காட்டிக்கொடுத்ததால், கடைசியில் கருநீலத்துக்குள் வெளிர்நீலம் என்று ஆனது. நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்து உளுந்தூர்ப்பேட்டை ஓடுதளமும் அந்தப் போருக்காகப் போட்டதுதான். பேருந்தில் எத்தனை முறை கடந்திருப்போம்!

பெட்டியில் வரும் ஸ்டிக்கரில் சிவப்பு இருந்தால் ஒட்ட வேண்டாம். முதலில் வெளிர்நீலம், நன்றாகக் காய்ந்ததும் மாஸ்கிங் டேப்பில் வெட்டிய வட்டத்தால் அதை மூடிவிட்டு, சுற்றிலும் கருநீலம். நம் கடலூர் வெயிலில் அக்ரிலிக் ஏர்பிரஷ் ஊசி முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். இரண்டு சொட்டு ரிட்டார்டர் விட்டு, 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில் மெல்லிய பூச்சாக அடிக்கச் சொல்லுங்கள்.