புளி தாங்கும் பாத்திரம்

நம் அடுப்படியில் எந்தப் பாத்திரம் நிலைக்கும், எது பரணுக்குப் போகும் என்பதை முடிவு செய்தது புளி என்பது என் எண்ணம். முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர் வேறெப்படிச் சொல்வார் என்று என் மனைவி சிரிக்கிறாள். போன மாதம் பரணில் இருந்த பாத்திரங்களையெல்லாம் இறக்கித் துடைத்தோம். ஒவ்வொன்றும் என் பக்கமே சாட்சி சொல்லிற்று.

சோறு வடிக்க எந்தப் பானையும் போதும். தகராறு குழம்பிலும் ரசத்திலும்தான். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. அதோடு உப்பும் சேர்ந்து கொதித்தால் செம்பும் பித்தளையும் கரையத் தொடங்கும். அப்படிக் கரைந்ததைச் சாப்பிட்டால் குமட்டலும் வாந்தியும் வரும். "களிம்பு ஏறிடும்" என்று பாட்டிமார் சொன்னது இதைத்தான். அதனால் புளிக்கு மண்சட்டியும் கல்சட்டியும் என்று ஒதுக்கிவிட்டார்கள். கல்சட்டி சேலம் பக்கத்து மாக்கல்லைக் குடைந்து செய்வது. புதிதாக வாங்கி நேரே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். சில நாள் வடித்த கஞ்சியைச் சூடாக ஊற்றி வைத்துப் பழக்க வேண்டும். பழகிவிட்டால், இறக்கிய பின்னும் வற்றல் குழம்பு அதில் சற்று நேரம் கொதித்துக்கொண்டே இருக்கும். எந்த உலோகப் பாத்திரத்திலும் எனக்கு அந்த ருசி கிடைத்ததில்லை.

வெண்கலம் நமக்கு மிகப் பழையது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டியபோது, முதுமக்கள் தாழிகளோடு வெண்கலப் பாத்திரங்களும் வெளிவந்தன. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை அது. கனமானது. சூட்டை ஒரே சீராகப் பரப்பும். பொங்கல், உப்புமா, சோறு மூன்றையும் ஒரே வெண்கலப் பானையில் அடிப்பிடிக்காமல் செய்யலாம். அதற்கு ஈயம் பூச வேண்டியதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் புளி சேர்ந்ததை அதில் வைக்கவிட மாட்டார்கள்.

பித்தளைக்கு ஈயம் பூசியே ஆகவேண்டும். என் சிறுவயதில் தெருவில் குரல் கேட்கும். குழி தோண்டி, துருத்தி வைத்து, பாத்திரத்தைப் பழுக்கக் காய்ச்சி, நவச்சாரப் பொடியைத் தூவி, ஈயத்தை ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பஞ்சால் துடைப்பார். உள்பக்கம் வெள்ளியாக மாறிவிடும். அந்த நவச்சாரப் புகையின் நெடியைப் பின்னாளில் பள்ளி ஆய்வுக்கூடத்தில் முகர்ந்தபோதெல்லாம் எங்கள் தெருதான் நினைவுக்கு வரும்.

இந்த 'ஈயம்' என்ற சொல் கொஞ்சம் ஆபத்தானது. பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வதும் வெள்ளீயம். அது 232 டிகிரியில் உருகிவிடும். தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறைத் தாண்டாது என்பதால் சொம்பு தப்பிக்கிறது. வெறுஞ்சொம்பை அடுப்பில் வைத்தால் கதை முடிந்தது. காரீயமோ நஞ்சு. பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். மலிவு விலைக்கு வரும் சொம்பில் காரீயம் கலந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நம்பகமான கடை கிடைக்காவிட்டால் ஈயச் சொம்பு ரசமே வேண்டாம் என்பேன். இது போதாதென்று, பல ஊர்களில் அலுமினியத்தையும் 'ஈயப் பாத்திரம்' என்றே சொல்கிறார்கள்!

அந்த அலுமினியம் பாத்திரமாகி வந்தது நம் சென்னை வழியாகத்தான். பொறியியல் பேராசிரியரான ஆல்பிரட் சாட்டர்டன் 1898-இல் சென்னை கலைத்தொழில் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். 1900-இல் இங்கே ஒரு அலுமினியக் கம்பெனியே ஏற்பட்டது. 1903-இல் பள்ளியின் அந்தப் பிரிவு அதற்குக் கைமாறியது. லேசான எடை, குறைந்த விலை, ஈயம் பூசும் செலவு கிடையாது. ஏழை வீட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் புளியும் உப்பும் அதையும் விடவில்லை. குழம்பை இரவு முழுக்க விட்டுவைத்த சட்டியில் அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாக அரித்திருக்கும்.

அலுமினியத்திற்கு இன்னொரு குறையும் உண்டு. அதை நம்பி அடகுக் கடைக்காரர் பெரிதாகக் கடன் தரமாட்டார். வெண்கலத்தையும் பித்தளையையும் எடை போட்டு உடனே பணம் கொடுப்பார். அன்றைய பெண்களுக்கு நகைக்கு அடுத்தபடி சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது பாத்திரம்தான். அதனால்தான் ஒவ்வொன்றிலும் பெயரும் வருஷமும் வெட்டிவைத்தார்கள். 1966-இல் நான் பி.யு.சி. சேரப் பணம் கட்ட, அம்மா தன் பெயரும் 1948-உம் வெட்டிய வெண்கலப் பானையையும், பாட்டி பெயர் வெட்டிய பித்தளை அண்டாவையும் அடகு வைத்தாள். மறு வருஷம் பானையை மட்டும் மீட்க முடிந்தது. அண்டா மூழ்கிவிட்டது. உருக்கித்தான் இருப்பார்கள். அம்மா அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. ஆனால் கல்யாண வீடுகளில் அண்டாவைப் பார்த்தால், குனிந்து விளிம்பில் இருக்கும் பெயரைப் படித்துவிட்டுத்தான் நகர்வாள்.

புளியை ஜெயித்தது எவர்சில்வர்தான். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கில் குரோமியம் சேர்த்துக் கண்ட துருப்பிடிக்காத உலோகம் அது. மேலே படியும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் அமிலத்தை உள்ளே விடாது. என் இளவயதில் வீடு வீடாகப் பழைய பித்தளையை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கினார்கள். ஈயம் பூசுகிறவர் வருவதும் குறைந்து, பிறகு நின்றே போனது. ஆனால் எவர்சில்வர் சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி. அலுமினியம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் கடத்தும். தீ படும் இடத்தில் மட்டும் காய்வதால் பாலும் பாயசமும் அடிப்பிடிக்கின்றன. 1959-இல் இந்தியாவில் தயாராகத் தொடங்கிய பிரஷர் குக்கர் பருப்பு வேகும் நேரத்தைச் சுருக்கியது. அதன் கதை தனி.

புதுக்குடித்தனம் போகும் தம்பி மகள், "பெரியப்பா, நாலே நாலு பாத்திரம் சொல்லுங்க, காலத்துக்கும் உழைக்கணும்" என்றாள். இரண்டு எவர்சில்வர் தகட்டுக்கு நடுவே அலுமினியம் வைத்து அழுத்திய, கனமான அகலச் சட்டி ஒன்று. குழம்பு, கூட்டு, பால், பாயசம் எல்லாம் அதில் ஆகும். எவர்சில்வர் குக்கர் ஒன்று. வதக்கவும் பொரிக்கவும் இரும்புச் சட்டி ஒன்று. வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவி வைத்தால் போதும். அதிலும் புளி கூடாது. நான்காவது இரும்புத் தோசைக்கல். ஒட்டாத பூச்சுக் கல் அவளுக்கு ஆசைதான். பூச்சு உரிந்ததும் தூக்கிப்போட வேண்டியது என்று சொல்லித் தடுத்துவிட்டேன். வெண்கலப் பானையை நானே கொடுத்தேன். பொங்கலுக்காவது எடுக்கட்டும்.

தோசைக்கல் மட்டும் கடையில் வாங்கவில்லை. எங்கள் வீட்டுக் கல் இரண்டில் பழையதைக் கேட்டு எடுத்துக்கொண்டாள். அது எந்த வருஷத்தது என்றும் கேட்டாள். தோசைக்கல்லில் யாரும் பெயர் வெட்டுவதில்லையே. அம்மா இந்த வீட்டுக்கு வந்தபோதே இருந்ததாம்.