நடுக்கமும் புகையும்: ஒரு தலைகீழ்க் கணக்கின் வரலாறு

நண்பர் ஒருவரின் தந்தை, நடுக்குவாதம் கண்டபின்னும் சிகரெட்டை விடவில்லை. ‘புகைப்பவர்களுக்கு இந்த நோய் குறைவாமே’ என்று ஒரு பத்திரிகைத் துணுக்கை எடுத்து நீட்டுவார். துணுக்கு பொய்யல்ல என்பதுதான் சங்கடம்.

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறே பேரைக் கொண்டு விவரித்த நோய் இது; அவர்களில் சிலரை அவர் தெருவில்தான் கண்டார். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1959இல், அமெரிக்கப் புள்ளியியலாளர் ஹரால்டு டோர்ன் முன்னாள் படைவீரர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேரின் புகைப்பழக்கத்தையும் மரணக் காரணங்களையும் ஒப்பிட்டு வெளியிட்டார். நுரையீரல் புற்றிலும் இதயநோயிலும் புகைப்பவர்களே கூடுதலாக மாண்டிருந்தனர். நடுக்குவாதத்தின் வரிசையிலோ கணக்கு தலைகீழாக இருந்தது. ரிச்சர்டு டால் குழுவினர் 1951இல் தொடங்கிய பிரிட்டிஷ் மருத்துவர் ஆய்வின் 65 ஆண்டுத் தரவுகளை 2020இல் அலசியபோதும், புகைப்பவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் குறைவு என்றே வந்தது.

காரணமென்று முதலில் கைகாட்டப்பட்டது நிகோடின். நோயில் அழிவன டோபமினைச் சுரக்கும் நரம்பணுக்கள். டோபமினைத் தூண்டுவது நிகோடின். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும், நோயின் தொடக்கநிலையிலிருந்த 163 பேரில் ஒரு பகுதியினருக்கு நிகோடின் பட்டையும் மற்றவர்களுக்கு வெற்றுப் பட்டையும் ஓராண்டு ஒட்டிப் பார்த்தார்கள். 2023இல் முடிவு வெளியானது. நோயின் வேகம் குறையவில்லை.

டென்மார்க்கிலிருந்து 2014இல் வந்த ஆய்வு இன்னும் சுவையானது. நடுக்குவாத நோயாளிகளில் புகையை விட்டவர்கள், மற்றவர்களைவிட எளிதாக அதை விட்டிருந்தார்கள். டோபமின் குன்றத் தொடங்கிய மூளையில் சிகரெட்டின் பிடி இறுகுவதில்லை போலும். அப்படியானால், கை நடுங்கத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே நோய்தான் புகையை விரட்டியிருக்க வேண்டும். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

எப்படி முடிந்தாலும் அது நோய் வருமா வராதா என்பது பற்றிய வழக்கு. வந்துவிட்டவரின் உடல் வேறு கணக்கில் ஓடுகிறது. விழுங்கும் தசைகள் தளர்ந்து உணவும் எச்சிலும் மூச்சுக்குழாயில் இறங்குகின்றன. இருமி வெளியேற்றும் வலுவும் குறைகிறது. இந்நோயாளிகளில் பலரைக் கடைசியில் கொண்டுபோவது நிமோனியாதான். மூச்சுக்குழாயைத் துப்புரவாக வைத்திருக்கும் நுண்மயிர்களையோ புகை முடக்கிப்போடுகிறது. மாரடைப்பும் பக்கவாதமும் நடுக்குவாதக்காரர் என்று யாருக்கும் சலுகை தருவதில்லை. மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ் என்ற வேறொரு நரம்புநோயில் விஷயம் இன்னும் நேரடியானது. அந்நோய் உறுதியானபின்னும் புகைத்த ஒவ்வோர் ஆண்டும், நோய் அடுத்த கட்டத்துக்கு முற்றுவதை 4.7 சதவீதம் விரைவுபடுத்தியது என்று 2015இல் ஸ்டாக்ஹோம் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

நண்பரின் தந்தையிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் வேட்டியில் நெருப்புப் பொறி விழுந்து கருகிய பொத்தல்கள் ஏழெட்டு இருந்தன. தீப்பெட்டியை ஒளித்துவைத்த பிறகுதான் இரவில் படுக்கப்போவதாக அவர் மனைவி சொன்னார்.