ஆங்கில ஒலிப்பும் நம் நாப்பழக்கமும்

ஒரே ஓர் ஒலிக்காக நாற்பத்தீராயிரம் பேர் மாண்ட செய்தி விவிலியத்தில் உண்டு. நீதித் தலைவர்கள் நூலின் 12ஆம் அதிகாரம் அதைக் கூறுகிறது. யோர்தான் ஆற்றின் துறைகளைக் கைப்பற்றி நின்ற கிலயாதியர், தப்பியோட வந்த எப்ராயிம் மக்களை மறித்து, 'ஷிபோலத்து' என்று சொல்லுமாறு கேட்டனர். எப்ராயிமருக்கு 'ஷி' வராது. 'சிபோலத்து' என்றே சொன்னார்கள். சொன்னவர் ஒவ்வொருவரும் துறையிலேயே வெட்டுண்டனர். தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுருவைக் காட்டிக்கொடுத்ததும் அவருடைய கலிலேயப் பேச்சே என்று மத்தேயு எழுதுகிறார். ஆனால் அந்தப் பேச்சை மாற்றிக்கொள்ளாமலேயே பேதுரு பெந்தக்கோஸ்து நாளில் எழுந்து நின்று முழங்கினார். பேசுகிறவர்கள் கலிலேயர் என்பதைக் கூட்டம் கண்டுகொண்டது. கண்டுகொண்டும் அவரவர் தம் மொழியில் கேட்டனர்.

எம் சூலக்கரைப் பகுதி இளைஞர்களை எண்ணும்போதெல்லாம் இவ்விரு காட்சிகளும் நம் உள்ளத்தில் எழுவதுண்டு. பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆலையிலும் அச்சகத்திலும் உழைத்துப் பெற்றோர் படிக்க வைத்த பிள்ளைகள், எழுத்துத் தேர்வில் வென்றபின் நேர்முகத் தேர்வில் வாயடைத்துப் போகிறார்கள். அவர்களிடம் ஆங்கிலம் இல்லாமல் இல்லை. தம் ஒலிப்பைக் கேட்டு எவரேனும் நகைப்பாரோ என்ற அச்சமே அவர்கள் நாவைக் கட்டிவிடுகிறது. அவர்களைப் பொறுத்தவரை அந்த அறை யோர்தான் துறைதான். ஆகவே, அயல்மொழியின் ஒலிப்பைக் கற்பதும் கற்பிப்பதும் நம் நாட்டில் எவ்வாறு நடந்து வந்துள்ளன என்று சற்றே திரும்பிப் பார்ப்பது பயனுடையது.

வியப்பு என்னவெனில், அந்த வரலாறு எதிர்த்திசையிலிருந்து தொடங்குகிறது. முதலில் நாவைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தவர்கள் ஐரோப்பியர். திருத்தியவர்கள் நம் கடற்கரை மக்கள். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாகக் கற்று, ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தார். அந்த முதல் மொழிபெயர்ப்பில் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்துவிட்டது. 1544இல் தம் உடன் உழைப்பாளரான மான்சிலாசுக்கு எழுதிய மடலில், அச்சொல் விருப்பத்தையே குறிக்கிறது, எனவே விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லையே மக்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று அவர் அறிவுறுத்துகிறார். தமிழறியாத புனிதர் அந்த வேறுபாட்டைத் தாமே கண்டிருக்க இயலாது. உடனிருந்த தமிழர் எவரோ துணிந்து எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சவேரியார் தாழ்மையோடு செவிமடுத்திருக்க வேண்டும்.

பத்தாண்டுகள் கழித்து, 1554இல், லிஸ்பன் நகரில் 'கார்த்திலா' என்னும் சிறு செபநூல் வெளிவந்தது. அதை ஆக்கியவர்கள் வின்சென்ட் நசரேத், ஜார்ஜ் கார்வாலோ, தோமா குருசு என்னும் திருமுழுக்குப் பெயர்கள் கொண்ட மூன்று தமிழர்கள். நூல் தமிழ், எழுத்தோ உரோமன். போர்த்துக்கீசியர் பார்த்துப் படித்துத் தமிழை ஒலிக்க வேண்டும் என்பதே நோக்கம். லகர, ளகர, ழகரங்களை அந்த இருபத்துச் சொச்ச எழுத்துகளுக்குள் அடைக்க அம்மூவரும் பட்ட பாட்டை நாம் கற்பனை செய்து பார்க்கலாம். எழுத்து ஒலிக்கு ஒருநாளும் முழுத் துணையாகாது என்ற பாடம் அன்றே தொடங்கிவிட்டது. அந்தப் பாடத்தை நன்கு கற்றவர் என்றிக் அடிகளார். அவர் புத்தகத்தை நம்பாமல் மக்கள் நடுவே வாழ்ந்தார்; 1549 வாக்கிலேயே மொழிபெயர்ப்பாளரின்றிப் பேசத் தொடங்கினார்; தமக்குப் பின் வருவோர்க்கென ஒரு தமிழ் இலக்கணமும் போர்த்துக்கீசிய மொழியில் எழுதி வைத்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அவர் தந்த கொடையே.

வீரமாமுனிவரை நாம் இலக்கியவாதியாகவே போற்றிப் பழகிவிட்டோம். அவர் ஒலியை நுணுகி ஆராய்ந்த செவியர் என்பதை மறந்துவிடுகிறோம். கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டியில் தங்கிப் பணியாற்றிய அவர், ஏட்டுச் சுவடிகளில் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒன்றுபோலவே எழுதப்படுவதைக் கண்டார். குறிலுக்குப் புள்ளியிட வேண்டும் என்று பழைய இலக்கணம் சொன்னாலும், ஓலையில் புள்ளியிடுவோர் அரியர். தமிழ்ச் செவிக்கு அது இடரன்று. அயலாருக்கோ ஒவ்வொரு சொல்லும் ஐயம். நெடிலுக்குத் தனி வடிவம் அமைத்துத் தந்தார் முனிவர். தமிழுலகம் அதைத் தன் உடைமையாக ஏற்றுக்கொண்டது. (அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டுத் தந்தது தரங்கம்பாடியின் லூத்தரன் அச்சகம் என்பதை ஒன்றிப்பு வாரத்தில் நினைவுகூரலாம்.)

பின்னர் காலம் திரும்பியது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் எழுந்தபின் ஆங்கிலம் உயர்வின் வாயிலாயிற்று. மாணவர் இருக்கையில் அமர்ந்தவர்கள் நாம். இங்கும் ஒரு சுவையான செய்தி உண்டு. நம் முன்னோருக்குக் கத்தோலிக்கக் கல்லூரிகளில் ஆங்கிலம் புகட்டியவர்களுள் பலர் ஆங்கிலேயர் அல்லர். 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி 1883இல் திருச்சிக்கு மாறிய புனித வளனார் கல்லூரியை நடத்தியவர்கள் பிரெஞ்சு இயேசு சபையார். 1925இல் சென்னையில் இலயோலாவை நிறுவிய பெர்த்ராம் அடிகளாரும் பிரெஞ்சுக்காரரே. பிரெஞ்சு நாவில் பிறந்த ஆங்கிலம் தமிழ்ச் செவியில் விழுந்து, அறிஞர்களையும் ஆட்சியாளர்களையும் உருவாக்கியது. டேனியல் ஜோன்ஸ் 1917இல் தம் புகழ்பெற்ற ஒலிப்பகராதியில் அளவுகோலாகக் கொண்ட உயர்குடிப் பள்ளிகளின் ஒலிப்போ, இங்கிலாந்திலேயே சிறுபான்மையினரின் ஒலிப்பு. அதை வைத்து நம் பிள்ளைகளை அளப்பது எந்த நீதி?

விடுதலைக்குப் பின் அரசே இப்பணியில் இறங்கியது. 1958இல் ஐதராபாத்தில் நடுவண் ஆங்கில நிறுவனம் நிறுவப்பட்டது. கன்னடக் கவிஞர் கோகாக் அதன் முதல் இயக்குநர். அடுத்த ஆண்டு தொடங்கிச் சென்னை மாநிலத்தில், பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு, 'பனிப்பந்து' என்று பெயர் பெற்ற பயிற்சித் திட்டம் உருண்டது. சிலருக்குப் பயிற்சி தருவது, அவர்கள் பலருக்குத் தருவது, அப்பலர் இன்னும் பலருக்குத் தருவது என்பது முறை. ஏறத்தாழ 27,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை எட்டுவது குறிக்கோள். அப்போது முதலமைச்சர் விருதுநகர் தந்த காமராசர். ஆங்கிலத்தை மனப்பாடப் பாடமாக நடத்தாமல், வாய்மொழிப் பயிற்சியாக வாக்கிய அமைப்புகளைப் பழக்குவது என்னும் எண்ணம் பாராட்டுக்குரியதே. ஆயினும் வாக்கிய அமைப்பு தாள்வழியே கைமாறும். ஒலி அவ்வாறு கைமாறாது. மூன்றாம் கைக்கு வரும்போது பந்து பெரிதாயிருக்கும், உள்ளிருந்த பனி உருகியிருக்கும். இஃது எம் கருத்து.

ஒலிப்பில் எது பிழை, எது வெறும் வேற்றுமை என்பதை அளந்து பார்த்தவர் ஐதராபாத் நிறுவனத்தின் பேராசிரியர் பன்சால். இந்தியர் பலரின் ஆங்கிலப் பேச்சைப் பதிவு செய்து அயல்நாட்டார்க்குப் போட்டுக் காட்டி, எவ்வளவு விளங்கிற்று என்று கணக்கிட்டார். 1969இல் வெளியான அவ்வாய்வின்படி, தொடர்ப்பேச்சில் பிரிட்டானியர்க்கு விளங்கியது நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது. விளங்காமைக்குப் பெருங்காரணம் தனி எழுத்தொலிகளைவிட, சொல்லில் அழுத்தம் விழும் இடமே. நம் மொழியில் அசைகள் மாத்திரை அளவால் நடப்பவை. ஆங்கிலச் சொல்லோ ஓர் அசையைத் தூக்கி மற்றவற்றை விழுங்கிவிடும். 'ஹோட்டல்', 'கமிட்டி' என்ற சொற்களை நாம் முதலசையில் ஊன்றுகிறோம். ஆங்கிலேயர் இரண்டாம் அசையில் ஊன்றுகின்றனர். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதலசையில் நிற்கும் அழுத்தம், படமெடுப்பவரைக் குறிக்கையில் இரண்டாம் அசைக்குத் தாவுகிறது. இதைச் சொல்லிக் கொடுக்காமல், 'இஸ்கூல்' என்ற சிறுவனைப் பார்த்து நகைப்பதில்தான் நம் வகுப்பறைகள் பல காலத்தைக் கழித்தன.

'இஸ்கூல்' அறியாமையின் விளைவன்று. மெய்யெழுத்து தனித்து மொழிமுதலில் நில்லாது என்பது தமிழின் இயல்பு. இலண்டனுக்கும் இரயிலுக்கும் முன்னே ஓர் இகரம் நிற்பதும் இத்தகைய மரபால்தான். நாவின் நினைவாற்றல் அது. ஒலிகள் பிறக்கும் இடத்தையும் முயற்சியையும் தொல்காப்பியர் பிறப்பியல் என்று தனி இயலாகவே வகுத்திருக்க, ஆங்கில ஒலிப்பைக் கற்பிக்கப் புதுக் கருவி தேடி அலைய வேண்டியதில்லை. பல்லும் இதழும் பொருந்தப் பிறப்பது வகரம் என்கிறார் அவர். ஆங்கிலத்தில் அதனோடு, பல் தொடாமல் இதழ் குவியப் பிறக்கும் வேறோர் ஒலியும் உண்டு. நம் கடைவீதி மக்கள் 'ஒயர்' என்றும் 'ஒயின்' என்றும் அதைச் செவ்வையாகப் பிடித்துவிட்டனர். எழுத்துக்கூட்டிப் படித்த நாமே 'வயர்' என்று பல்லைச் சேர்க்கிறோம்!

இன்று நம் மறைமாவட்டங்களிலிருந்து குருக்கள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பணிக்குச் செல்கின்றனர். சென்ற இடத்தில் மறையுரை விளங்கவில்லை என்று இறைமக்கள் வருந்துவதும், ஒலிப்புப் பயிற்சிக்குக் குரு அனுப்பப்படுவதும் உண்டு. சிலர் அதை இழிவாக எண்ணுகின்றனர். சவேரியாருக்கு வராத இழிவு நமக்கு எங்கிருந்து வரும்? நோயாளியின் படுக்கையருகே சொல்லப்படும் மன்னிப்பின் சொல் அவர் செவியில் தெளிவாக விழவேண்டும். அதற்காக மெதுவாகப் பேசுவதும் அழுத்தம் பழகுவதும் மேய்ப்புப் பணியின் பகுதியே. தம் ஊர்க் குரலை முற்றும் துடைத்தெறிய வேண்டும் என்று எவரும் கேட்க உரிமையில்லை.

2000ஆம் ஆண்டில் ஜெனிபர் ஜென்கின்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், பல நாட்டார் தமக்குள் ஆங்கிலம் பேசுகையில் எவ்வொலிகள் இன்றியமையாதவை என்று ஆராய்ந்து எழுதினார். நம் ஆசிரியர்கள் நாவைப் பல்லிடை நுழைத்துப் பாடுபட்ட தகரம் போன்ற ஒலி அப்பட்டியலில் இல்லை. உயிரின் குறில் நெடில் வேறுபாடு இருக்கிறது. கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' வேறு, ஆட்டைக் குறிக்கும் 'ஷீப்' வேறு என்று தமிழ்ப் பிள்ளைக்கு இருமுறை சொல்ல வேண்டியதில்லை. அரிச்சுவடியிலேயே அவன் அதைக் கற்றுவிட்டான். எழுதுகோலைப் 'பென்' என்றும் வலியைப் 'பேன்' என்றும் கரும்பலகையில் பிரித்தெழுதிக் காட்டும் ஆசிரியர், காமநாயக்கன்பட்டி முனிவர் விட்டுச்சென்ற அந்தச் சுழியைத்தான் கையாள்கிறார்.