மல்லாந்து கற்ற பாடம்

இன்ஜினில் ஆயில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? பானெட்டைத் திறந்து, கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பீர்கள். அரை நிமிஷ வேலை.

நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஃபோர்டு லாரி வைத்திருந்த விவசாயிக்கு அந்தக் கம்பி கிடையாது. ஆயில் பிரஷர் காட்டும் மீட்டரும் கிடையாது. வண்டிக்கு அடியில் நுழைந்து பார்க்க வேண்டும். பின்பக்கம் பிளைவீலுக்குக் கீழே, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இரண்டு சின்னத் திருகுக் குழாய்கள். மேல் குழாயைத் திறந்தால் ஆயில் வழிகிறதா? போதும், ஊற்றாதே. கீழ்க் குழாயைத் திறந்தும் சொட்டு வரவில்லையா? வண்டியை எடுக்காதே!

1908-ல் ஹென்றி ஃபோர்டு கொண்டுவந்த மாடல் டி கார் பிரசித்தம். அதே இன்ஜினை வைத்து, ஒரு டன் சுமக்கும் மாடல் டிடி லாரி 1917-ல் வந்தது. இரண்டிலும் ஆயில் பம்ப் என்ற சமாசாரமே இல்லை.

பிறகு ஆயில் எப்படிப் போகும்? பிளைவீலில் 16 காந்தங்கள் இருக்கும். சுழலும்போது அவை ஆயிலை வாரி இறைக்கும். கொஞ்சம் ஒரு புனலில் விழும். அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாக இன்ஜினின் முன்பக்கம் போய், பின்னோக்கி வழிந்து, ஒவ்வொரு கனெக்டிங் ராடுக்கும் கீழே உள்ள பள்ளத்தை நிரப்பும். ராடு அதில் முங்கி எழுந்து ஆயிலைத் தெளிக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு.

எளிமைதான். ஆனால் கியர் பட்டைகளில் இருந்த பருத்தி உறையும் அதே ஆயிலில்தான் ஊறியது. நைந்த பஞ்சு, குழாயை அடைத்துவிடும். செங்குத்தான மேட்டில் ஏறினால் ஆயில் பின்பக்கம் ஓடிவிடும். எப்படியானாலும் முதல் அடி முன்னால் இருக்கும் ராடுக்கு. அதன் பேரிங், வெள்ளீயம் கலந்த மெதுவான உலோகம். ஆயில் இல்லாவிட்டால் உருகிவிடும். ‘டொக்... டொக்...’ என்று சத்தம் கேட்டால் ஆசாமிக்கு வயிற்றைக் கலக்கும்.

பக்கத்தில் பட்டறை இல்லை. இருந்தாலும் கையில் காசில்லை. என்ன செய்வது? தானே படுக்க வேண்டியதுதான்.

நல்லவேளை, 1911 முதல் இன்ஜினின் அடியில் கழற்றக்கூடிய ஒரு தகடு வைத்திருந்தார்கள். இன்ஜினை இறக்காமலே, தகட்டைக் கழற்றி ராடைத் தொடலாம். பேரிங் லேசாகத் தேய்ந்திருந்தால், ராடின் மூடியைக் கழற்றி, விளிம்பை அரத்தால் துளித்துளியாக ராவி மறுபடி முடுக்கலாம். ஃபோர்டு கம்பெனி கொடுத்த கையேடே கேள்வி பதில் பாணியில் இதைச் சொல்லிக் கொடுத்தது. அடைத்த குழாயை நம்பாதவர்கள் இன்ஜினுக்கு வெளியே தனியாக ஒரு ஆயில் குழாய் பொருத்திக்கொண்டார்கள்.

ஃபோர்டு இதையெல்லாம் தர்மத்துக்குச் செய்யவில்லை. விலையைக் குறைத்தார், மிச்ச வேலை வாங்கியவன் தலையில். ஆனால் திறந்து பார்க்கும் வழியை மட்டும் அடைக்கவில்லை.

1927-ல் மாடல் டி, டிடி இரண்டும் நின்றன. படித்த பாடம் நிற்கவில்லை. 1930-களில் வறட்சியும் கடனும் துரத்த, ஓக்லஹாமா பக்கத்துக் குடும்பங்கள் பழைய வண்டிகளில் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பின. வழியில் பேரிங் போனால் பயணம் அங்கேயே முடிந்தது. ஜான் ஸ்டீன்பெக் 1939-ல் எழுதிய ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலில், அண்ணன் தம்பி இருவர் சாலையோரம் ராடு மாற்றும் காட்சி விலாவாரியாக வரும். அது வெறும் மெக்கானிக் வேலையில்லை. பிழைப்பு.

இன்றைய டிராக்டருக்குள் கம்ப்யூட்டர். கோளாறைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் கம்பெனி கையில். ‘என் வண்டியை நானே ரிப்பேர் செய்ய விடு’ என்று அமெரிக்க விவசாயிகள் போராட வேண்டியிருந்தது. 2023-ல் கொலராடோ மாநிலம் அதற்கென்று ஒரு சட்டமே போட்டது. விவசாய இயந்திரத்துக்கான கையேடு, கருவி, சாஃப்ட்வேர் எல்லாம் கம்பெனிகள் கொடுத்தாக வேண்டும்.

அவர்களுடைய தாத்தாக்களுக்கு அந்த உரிமை சட்டத்தில் இல்லை. வண்டிக்கு அடியில், போல்ட்டுகளுக்குப் பின்னால் இருந்தது.